தூசும் சத்தமும் மதில் தாண்டாமல் இருக்க…

வாசகர் கேள்வி – பதில்

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினால், அந்த வீடு குடிபுகும்வரை அக்கம்பக்கத்தாருக்கும் நிம்மதி இல்லை. தூசு, சத்தம், அதிர்வு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அவதிப்படுகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்வது எங்கள் கட்டடப் பொறியாளர் குழு.

எங்கள் வீட்டை ஒட்டி மூன்று மாடி எழும்புகிறது. சாரத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் காலையில் துடைத்த மேஜையில் மதியத்துக்குள் தூசு படிந்துவிடுகிறது. வலை சரியில்லையா?

வலை இருக்கட்டும், ஆனால் தூசுக்கு அதை நம்பாதீர்கள். மேலிருந்து விழும் கல்லும் ஆணியும் சிமென்ட் கட்டியும் கீழே போகிறவர் மேல் விழாமல் தடுக்கத்தான் அது. அதன் கண்கள் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். தூசோ மைக்ரான் கணக்கு. ஒரு மில்லிமீட்டருக்கு 1,000 மைக்ரான்.

மூன்றாவது மாடியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் கல் அறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 மைக்ரான் துகள், அதாவது தலைமுடியைவிடச் சற்றுத் தடித்தது, 20 விநாடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்குக் காற்றே அசையாவிட்டாலும் 20 நிமிடம் ஆகும். 2.5 மைக்ரானுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மென்காற்று வீசினால் பெரிய துகள் 40 மீட்டருக்குள் விழுந்துவிடுகிறது. அதுதான் உங்கள் மேஜையில் கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாதது தெருவையே தாண்டிப் போகிறது. நுரையீரலின் ஆழம்வரை இறங்குவதும் அந்த நுண்துகள்தான்.

காற்றில் கலந்த பிறகு தூசைப் பிடிக்க வழி கிடையாது. அறுக்கும், உடைக்கும், கொட்டும் இடத்திலேயே பிடித்தாக வேண்டும். அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறோம். வலையைப் பொறுத்தவரை, கண் நெருங்கிய வலையை இரண்டடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று ஓரடி ஏறும்படி, மேலும் கீழும் இடைவெளி விடாமல் கட்டினால் உள்ளே காற்றின் வேகம் குறையும், பெரிய துகள் ஓரளவு நிற்கும். வலைக்குப் பதில் தார்ப்பாயைக் கட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தார்ப்பாய் பாய்மரம்போலக் காற்றை முழுதாக வாங்கும். சுவரோடு சரியாகப் பிணைக்காத சாரம் ஒரு பலத்த காற்றில் உங்கள் பக்கமே சாய்ந்துவிடும். தார்ப்பாய் கட்டுவதானால் அந்தக் காற்றுப் பாரத்தைக் கணக்கிட்டுச் சாரத்தைச் சுவரோடு இறுக்கிய பிறகே கட்ட வேண்டும்.

தூசு பற்றிச் சொன்னதும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை ஓஸ் பைப்பால் மனை முழுக்கத் தண்ணீர் அடிக்கிறார்கள். எந்த மாற்றமும் தெரியவில்லையே?

தெரியாது. தண்ணீர் போகிற நேரமும் தவறு, இடமும் தவறு. தூசு எழும் அந்த நொடியில், எழும் அந்தப் புள்ளியில் ஈரம் இருக்க வேண்டும்.

கல், டைல்ஸ், கான்கிரீட் அறுக்கும்போது பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் நிமிடத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் தண்ணீர் இடைவிடாமல் விழ வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று பாட்டிலில் இருந்து அவ்வப்போது ஊற்றுவது போதாது. பிளேடு அதை வீசி எறிந்துவிடும். மெஷினோடு வரும் நீர்க்குழாயை இருபக்கமும் பிளேடை நனைக்கும்படி மாட்ட வேண்டும். சரியாக நனைகிறதா என்று தெரிந்துகொள்வது சுலபம்: வெள்ளைப் புகை நின்று, சாம்பல் நிறக் குழம்பு வடிந்தால் சரி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நீர் ஊற்றி அறுக்க வடிவமைக்காத சாதாரண மின் கிரைண்டரில் தண்ணீர் விட்டால் உயிருக்கே ஆபத்து. நீர் அறுப்புக்கென உள்ள மெஷின், 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சு, இரண்டும் வேண்டும். அது இல்லாத இடத்தில் பிளேடைச் சுற்றிக் கவசம் மாட்டி, ஹெப்பா வடிகட்டி (நுண்தூசையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வாக்குவம் மெஷினோடு இணைத்து உறிஞ்ச வேண்டும். பட்டி தேய்க்கும்போதும் இதே முறைதான்; உறிஞ்சும் குழாய் உள்ள தேய்ப்பு மெஷினும் உண்டு, நீளக் கம்பில் மாட்டித் தேய்க்கும் கைப்பலகையும் உண்டு.

சுவர் இடிக்கும்போது முந்தைய நாள் மாலையே சுவரை நன்றாக ஊற விடலாம். இடிக்கும் நேரத்தில் ஒருவர் உடைக்கிற இடத்தைப் பார்த்தே தெளிக்க வேண்டும். இங்கே துளியின் அளவு முக்கியம். ஓஸ் பைப்பில் இருந்து வரும் பெருந்துளி தன் முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். நுண்தூசு அந்தக் காற்றோடு விலகி, துளியில் ஒட்டாமலே தப்பித்துவிடும். துளி சிறுத்துத் தூசின் அளவை நெருங்கினால்தான் இரண்டும் மோதி ஒட்டும். அதனால் காற்றில் இருக்கும் தூசுக்குப் பனித்தூறல்போலத் தெளிக்கும் நாசில், தரையில் கிடக்கும் குப்பைக்குப் பெருந்துளி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மிக மெல்லிய பனித்துளி வெயிலில் சில மீட்டரிலேயே ஆவியாகிவிடும் என்பதால் நாசில் உடைக்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

மணல், எம்-சாண்ட் குவியலில் மேல் தோல் மட்டும் நனைந்திருந்தால் போதும். உள்வரை ஊற்றினால் தண்ணீர் வீண், கலவையின் நீர் அளவும் கெடும். வெயில் நாளில் இரண்டு மணி நேரத்தில் அந்தத் தோல் காய்ந்துவிடும். எடுக்காத பக்கத்தைத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கல் வைத்து, எடுக்கும் முகத்தை மட்டும் நனைப்பதே சிக்கனம். ஈரம் நிற்கட்டும் என்று கால்சியம் குளோரைடு உப்பைக் கலந்து தெளிக்கும் வழக்கம் மண் சாலைகளில் உண்டு. கம்பி அடுக்கிய மனைக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது, குளோரைடு கம்பியை அரித்துவிடும்.

சிமென்ட் மூட்டை பிரிக்கும் இடத்தையும் கவனியுங்கள். கலவை மெஷினில் முதலில் கொஞ்சம் தண்ணீரும் ஜல்லியும் போட்டு, அதன் பிறகு மூட்டையை மெஷினின் வாயை ஒட்டி வைத்துச் சாய்த்தால் புகை குறைவு. இடுப்பு உயரத்தில் இருந்து கொட்டி, காலி மூட்டையை உதறினால் பக்கத்து வீடு வரை போகும்.

நான் வீடு கட்டத் தொடங்கப் போகிறேன். அக்கம்பக்கத்தாரோடு மனஸ்தாபம் வராமல் இருக்க கான்ட்ராக்டரிடம் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்?

வேலை தொடங்குமுன் கேட்டதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். “தூசு, சத்தம் வராமல் பார்த்துக்கொள்வேன்” என்ற ஒரு வரி எதற்கும் உதவாது. எந்த மெஷின் எங்கே நிற்கும் என்ற மனை வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) குறையும். ஜன்னலில் இருந்து 5 மீட்டரில் நிற்கும் கலவை மெஷினை 20 மீட்டருக்கு நகர்த்தினால் 12 டெசிபல் குறைகிறது. காதுக்கு அது பாதிக்கும் குறைவான சத்தமாகக் கேட்கும். செலவே இல்லாத வழி இது. செங்கல்லையும் பிளாக்கையும் இறக்கும்போது மெஷினுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் சுவர்போல அடுக்கச் சொல்லுங்கள். தீர்ந்துபோகும்வரை அது உங்களுக்குத் தடுப்புச் சுவர்.

அடுத்தது அறுப்புக் கூண்டு. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், மூன்று பக்கமும் கூரையும் 18 மி.மீ. பிளைவுட், திறந்த பக்கம் கட்டடத்தைப் பார்த்து. டைல்ஸ், கிரானைட், கம்பி என்று அறுப்பது எல்லாம் அதற்குள்தான் என்று எழுதுங்கள். அறுத்த குழம்பு ஒரு டிரம்மில் விழுந்து, அங்கிருந்து இரண்டாவது டிரம்முக்கு வழியட்டும். இரவில் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை மறுநாள் அறுப்புக்கே பயன்படுத்தலாம். அந்தக் குழம்பைச் சாக்கடையில் விட்டால் உள்ளே இறுகிக் குழாயை அடைத்துவிடும்.

வாசலில் 40 முதல் 75 மி.மீ. ஜல்லியை 15 செ.மீ. கனத்துக்கு, குறைந்தது ஒரு லாரியின் நீளத்துக்குப் பரப்பினால் சக்கரத்தில் ஒட்டிய சேறு அங்கேயே உதிரும். சேறு தெருவுக்குப் போனால் காய்ந்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஒருமுறை பறக்கும். தெருவை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, நனைத்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும். மேல்மாடிக் குப்பையை மூடிய குழாய் வழியாகவே இறக்க வேண்டும். குழாயின் அடி வாய் தொட்டிக்குள் போய், அதைச் சுற்றிச் சாக்கு கட்டியிருக்க வேண்டும். அடியில் திறந்திருக்கும் குழாய் தூசைப் பீய்ச்சும் துருத்திதான்.

நேரக் கட்டுப்பாட்டை உங்கள் உள்ளாட்சி விதிப்படி எழுதுங்கள். அதற்குள்ளும் பிரேக்கர் (கான்கிரீட்டை உளியால் அடித்து உடைக்கும் மெஷின்) வேலைக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு மணி நேரம் ஓய்வு என்று தனியாக வையுங்கள். தளம் போடும் நாள் மட்டும் விதிவிலக்கு. கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் பலவீனமான இணைப்பு உண்டாகும், பிறகு அதன் வழியே தண்ணீர் கசியும். எனவே அன்று விடிந்ததும் தொடங்க ஏற்பாடு செய்து, இரவுக்கு நீளக்கூடும் என்பதை இரண்டு நாள் முன்பே பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்த சத்தத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

கம்பி அறுக்க வட்டக்கல் மெஷினுக்குப் பதில் கத்தரிபோல வெட்டும் மெஷின், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சு) பிரிக்கும்போது ஷீட்டைக் கீழே போடாமல் கைமாற்றி இறக்குவது, கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசியைக் காற்றிலும் கம்பியின் மேலும் ஓடவிடாமல் கான்கிரீட்டுக்குள் போன பிறகு இயக்குவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை மேஸ்திரியின் கையில் உள்ளவை. எழுதியிருந்தால்தான் அவரும் ஆட்களிடம் அழுத்திச் சொல்வார்.

மனையைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் தகர ஷீட் வேலி போட்டார்கள். எங்கள் முதல் மாடிப் படுக்கையறையில் சத்தம் துளியும் குறையவில்லை. ஏன்?

உங்கள் ஜன்னலில் இருந்து மெஷின் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வேலி உங்களுக்கு இல்லாததற்குச் சமம். பிரிட்டனின் கட்டுமானச் சத்தத் தர விதியான பிஎஸ் 5228 ஒரு எளிய கணக்குத் தருகிறது: மெஷினின் உச்சி மட்டும் லேசாகத் தெரியும்படி மறைந்தால் சுமார் 5 டெசிபல், முழுக்க மறைந்தால் சுமார் 10 டெசிபல் குறையும். தரைத்தளத்துக்கு மறைக்கும் வேலி முதல் மாடிக்கு மறைப்பதில்லை.

இரண்டாவது குறை, எடை. திறந்த வெளித் தடுப்பு ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ அளவுக்காவது கனமாக இருப்பது நல்லது. அரை மில்லிமீட்டர் தகரம் 4 கிலோதான். ஆடினால் தானே பறைபோல ஒலிக்கவும் செய்யும். 18 மி.மீ. பிளைவுட் அந்த 10 கிலோவைத் தொட்டுவிடும். பலகைகளுக்கு நடுவிலும் அடியிலும் சந்து இருக்கக் கூடாது. அடியில் மண்ணை அணைத்துவிடலாம்.

மூன்றாவது, இடம். தடுப்பு சத்தம் பிறக்கும் இடத்துக்கு நெருக்கமாக இருந்தால் நன்றாக வேலை செய்யும், கேட்கும் இடத்துக்கு நெருக்கமாக இருந்தாலும் செய்யும். நட்டநடுவில் இருந்தால்தான் பயன் மிகக் குறைவு. அதனால் மேல்மாடிக்காரர்கள் கேட்க வேண்டியது உயரமான வேலியை அல்ல. மெஷினைச் சுற்றி மூன்று பக்கமும் மேலும் மூடிய கூண்டை. உட்புறத்தில் 5 செ.மீ. கனத்துக்குப் பாறைப் பஞ்சு வைத்து மேலே துணியோ வலையோ இழுத்துக் கட்டினால் சத்தம் உள்ளேயே எதிரொலித்துத் திறந்த பக்கமாக எதிர்வீட்டுக்குப் பாய்வதும் குறையும். எஞ்சின் வைத்த மெஷின் என்றால் சூடு வெளியேற வழியும், புகைக்குழாய் வெளியே திரும்பியிருப்பதும் கட்டாயம்.

சுவரில் ஃபோம் ஷீட் ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்குமா? முட்டை அட்டை ஒட்டலாம் என்றும் சொல்கிறார்கள்.

இரண்டும் நிற்காது. அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைப்பவை அவை. வெளியில் இருந்து வரும் சத்தத்தைத் தடுப்பது எடையும் காற்றுப் புகாத அடைப்பும்தான். முட்டை அட்டை சட்டென்று தீப்பற்றும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

பணத்தை ஜன்னலுக்குச் செலவிடுங்கள். 1.2 மீட்டர் அகலமும் உயரமும் உள்ள ஜன்னலின் அடியில் முழு நீளத்துக்கு 1 செ.மீ. சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்தச் சந்து உள்ளவரை, எத்தனை தடித்த கண்ணாடி போட்டாலும் அந்த ஜன்னல் 21 டெசிபலுக்கு மேல் தடுக்காது. முதலில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள விரிசலை சிலிக்கோன் பசையால் அடையுங்கள். பிறகு கதவு மூடும் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மூடியபின் ஒரு காகிதத்தை இழுத்தால் சிக்க வேண்டும், அதுதான் அளவு. தள்ளும் ஜன்னலில் இது முழுதாகக் கைகூடாது, அதன் தண்டவாளத்தில் எப்போதும் சந்து இருக்கும். அதற்கு உட்புறம் 10 செ.மீ. தள்ளி இன்னொரு கண்ணாடிச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பொருத்துவது நல்ல பலன் தரும். இந்த அடைப்பு தூசையும் சேர்த்து நிறுத்தும்.

எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போடுகிறோம். அப்படியும் தூசு எப்படி உள்ளே வருகிறது?

அந்த ஃபேன்தான் இழுத்து வருகிறது. அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால் வேலை நடக்கும் பக்கத்துச் சந்துகள் வழியாகவும் வரும். ஃபேன் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள். வேலை நடக்கும் பக்கத்தை மட்டும் இறுக மூடுங்கள். ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே சுற்றவிடுகிறது. அதன் வலைவடிகட்டி பெரிய தூசை மட்டும் பிடிக்கும். இந்த நாட்களில் வாரம் ஒருமுறை கழுவுங்கள். வெளியே இருக்கும் பெட்டியின் தகட்டு இடுக்குகளில் சிமென்ட் தூசு அடைத்தால் ஏசி குளிராது, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்ததில் நுண்ணியது மறுபடி எழும். ஈரத் துணியால் துடைப்பதே சரி. சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசைப் பின்பக்கமாகத் துப்பிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா. முகக்கவசம் போட்டுவிட்டால் போதுமா?

சிறு பிள்ளைகளின் முகத்தில் பெரியவர்களுக்கான என்-95 ஒட்டி நிற்காது. ஓரத்தில் சந்து இருந்தால் வடிகட்டி எத்தனை நல்லதாக இருந்தாலும் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் போகும். துணிக் கவசமும் அறுவைசிகிச்சைக் கவசமும் நுண்தூசுக்கு உதவாது. அவனுக்கு வேண்டியது தூசில்லாத ஓர் அறை.

வேலை நடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். திரை, தரைவிரிப்பு, துணி பொம்மைகளை எடுத்துவிட்டு, கதவடியை அடைத்து, காற்றுச் சுத்திகரிப்பான் வையுங்கள். வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பது. 12 சதுர மீட்டர் தரையும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கிறது. மணிக்கு ஐந்து முறை சுற்ற வேண்டுமானால் 180 கன மீட்டர் தரும் மெஷின் வேண்டும், அதையும் சத்தம் குறைந்த வேகத்தில் தர வேண்டும். இல்லாவிட்டால் இரவில் நீங்களே அணைத்துவிடுவீர்கள். அயனி வெளியிடுவது, ஓசோன் தருவது என்று விற்பவற்றைத் தவிருங்கள், ஓசோன் ஆஸ்துமாவைக் கிளறும்.

24 மணி நேரச் சராசரியில் பிஎம் 2.5 துகள் (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும்) கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமையும், பிஎம் 10 துகள் (10 மைக்ரானும் அதற்குக் குறைவும்) 45 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த வழிகாட்டல். வீட்டில் சிறு அளவி வைத்துப் பார்ப்பதானால், பனித்தெளிப்பு நடக்கும் நேரத்தில் அது நீர்த்துளியையும் தூசாக எண்ணிக் கூட்டிக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். தடுப்பு இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி விடாமல் தொடருங்கள். இடிக்கும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்தால் அந்த நாட்களில் பையனை உறவினர் வீட்டுக்கு அனுப்புவது எல்லாவற்றிலும் நல்லது.

வேலை செய்கிறவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். மணல், கிரானைட், கான்கிரீட் தூசில் குவார்ட்ஸ் இருக்கிறது. அந்தப் படிகச் சிலிக்காவைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அந்தத் தூசால் நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் நோய் வந்தால் குணமாகாது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்க டைல்ஸ் அறுக்கும் இளைஞருக்கு உங்கள் வீட்டைவிடப் பன்மடங்கு தூசு போகிறது. நீங்கள் கேட்டு வாங்கும் நீர் அறுப்பு முதலில் அவரைத்தான் காப்பாற்றும்.

பழைய கான்கிரீட் தளத்தை உடைக்கப் பத்து நாளாகப் பிரேக்கர் ஓடுகிறது. வேறு வழியே இல்லையா?

உண்டு. முழுவதையும் இடித்தே உடைக்க வேண்டியதில்லை. வைர ரம்பத்தால் நீரூற்றித் துண்டு துண்டாக அறுத்து கிரேனில் இறக்கலாம். எக்ஸ்கவேட்டர் கையில் மாட்டும் கடித்து நொறுக்கும் தாடை, அடிக்காமல் அழுத்தி உடைக்கும். பெரிதாகக் கேட்பது அதன் எஞ்சின் சத்தம்தான்.

பாறைக்கும் தடித்த கான்கிரீட்டுக்கும் விரிவடையும் சாந்து பொருந்தும். 32 முதல் 40 மி.மீ. விட்டத்தில் வரிசையாகத் துளையிட்டு, பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அது இறுகும்போது பருத்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கல்லைப் பிளந்துவிடும். துளையிடும் சத்தம் உண்டு. ஆனால் பத்து நாள் அடிப்பது இரண்டு மூன்று நாள் துளையிடுவதாகச் சுருங்கும். சாந்தில் வெயில் காலத்துக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று என்று வகை உண்டு. குளிர்கால வகையை வெயிலில் ஊற்றினால் துளையில் இருந்து சூடாகப் பீறிட்டு அடிக்கும், கண் போய்விடும். ஊற்றிய பிறகு துளைக்கு நேரே யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, கண்ணாடி கட்டாயம்.

பிரேக்கர்தான் என்று முடிவானால் சத்தம் குறைக்கும் உறை போட்ட மெஷின் கேளுங்கள், உளி கூராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மழுங்கிய உளி கூடுதல் சத்தத்தோடு கூடுதல் நாளும் எடுக்கும்.

பிரேக்கர் ஓடும்போது எங்கள் வீடே நடுங்குகிறது. சுவரில் மெல்லிய விரிசல்கள் தெரிகின்றன. வீட்டுக்கு ஆபத்தா?

மனித உடல் அதிர்வை மிக நுட்பமாக உணரும். நொடிக்கு 0.3 மி.மீ. அதிர்வே வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். குடியிருப்பு வீடுகளின் அடித்தளத்துக்கு ஜெர்மன் தர விதியான டின் 4150 வைக்கும் அளவோ, மிகக் கண்டிப்பான தாழ்ந்த அதிர்வெண்ணில்கூட நொடிக்கு 5 மி.மீ. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. பாத்திரம் குலுங்குவதால் மட்டும் வீடு பழுதாகிவிட்டது என்று பொருள் இல்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: மதிலை ஒட்டி ஆழமாகத் தோண்டுவதற்கு. உங்கள் அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைவிடக் கீழே பக்கத்தில் தோண்டி, மண்ணைத் தாங்க முட்டு கொடுக்காமல் விட்டால், அல்லது பம்பு வைத்து இரவு பகலாக ஊற்றை இறைத்தால், உங்கள் வீட்டு அடி மண் நகரும். அதன் அடையாளம் செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக ஏறும் சாய்வு விரிசல், திடீரென்று மூடாமல் போகும் கதவு, சுவருக்கும் தரைக்கும் நடுவில் விரியும் சந்து. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே தோண்டுவதை நிறுத்தச் சொல்லி, கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள்.

மெல்லிய விரிசலைக் கண்காணிக்க, அதன் இருபக்கமும் ஒரு சிறு ஆணி அடித்து, ஆணிகளின் இடைவெளியை வெர்னியர் அளவியால் வாரம் ஒருமுறை குறியுங்கள். விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். எப்போதும் ஒரே மணி நேரத்தில் அளக்க வேண்டும். வெயிலில் சுவர் விரிந்து சுருங்குவதால் காலை அளவும் மதிய அளவும் ஒன்றாக இருக்காது. வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. வீடு கட்டுபவருக்கும் அதுதான் பாதுகாப்பு. இரண்டு கட்டடங்களும் பொதுச் சுவரால் ஒட்டியிருந்தால், உடைப்பதற்கு முன் இணைப்பை ரம்பத்தால் அறுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்துவிட்டால் அதிர்வு சுவர் வழியாக நேரே உங்கள் வீட்டுக்குள் வராது.

செல்போன் செயலியில் 85 டெசிபல் காட்டுகிறது. இதை வைத்துப் புகார் கொடுக்கலாமா?

ஒப்பிட்டுப் பார்க்க உதவும், சான்றாக நிற்காது. சரிபார்க்காத செல்போன் மைக் பல டெசிபல் முன்பின் காட்டும். தரையில் இருந்து சுமார் 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி, 15 நிமிடம் ஓடவிட்டுச் சராசரியைப் பாருங்கள். சுவருக்கு ஒரு மீட்டர் அருகில் வைத்தால் எதிரொலியால் சுமார் 3 டெசிபல் கூடும்.

எண்ணைவிட வலிமையானது குறிப்பேடு. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன வேலை, மனையின் எந்த மூலை, காற்று எந்தத் திசை, அப்போது தண்ணீர் தெளித்தார்களா. காற்றின் திசைக்கு மாடியில் ஒரு ரிப்பன் கட்டினால் போதும். இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால் உங்களைப் படுத்துவது மொத்த வேலையும் அல்ல, இரண்டு மூன்று வேலைகள்தான் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் டைல்ஸ் அறுப்பு, பிரேக்கர், குப்பை கொட்டுவது. “ஒரே தொல்லை” என்று போய் நிற்பதைவிட, “செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மேற்கு மூலையில் காய்ந்த கல்லை அறுத்தார்கள்” என்று அந்தத் தாளோடு இன்ஜினியரிடம் பேசுங்கள். அவரால் உடனே திருத்த முடிந்த ஒன்றை நீங்கள் காட்டுகிறீர்கள். திருத்தாவிட்டால் அதே தாள் புகாருக்கும் இணைப்பு.

கார் கண்ணாடியிலும் ஜன்னலிலும் சிமென்ட் பால் தெறித்துக் காய்ந்துவிட்டது. எப்படி எடுப்பது?

சுரண்டாதீர்கள். உலர்ந்த துணியாலும் துடைக்காதீர்கள். உள்ளிருக்கும் மணல் துகள் கோடு போட்டுவிடும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். பிறகு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியை நனைத்துப் பத்து நிமிடம் மேலே போட்டுவைத்தால் இளகும், கழுவிவிடலாம். சலவைக்கல் தரையில் மட்டும் வினிகர் படக் கூடாது, கல்லே அரிக்கும். சிமென்ட் கடும் காரம் என்பதால் நாள்கணக்கில் விட்டால் கண்ணாடியில் மங்கல் நிரந்தரமாகிவிடும். தெறித்த அன்றே கழுவினால் தண்ணீரே போதும்.

பக்கத்தில் இருக்கும் பழைய கொட்டகையை அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

இடிப்பதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அவசரமானது இது. ஆஸ்பெஸ்டாஸ் உடையும்போது பறக்கும் இழை கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலில் தங்கினால் பல பத்தாண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும். சுத்தியலால் உடைப்பது, மேலிருந்து தள்ளுவது, கிரைண்டரால் அறுப்பது மூன்றும் கூடவே கூடாது. இதற்கெனப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே செய்ய வேண்டும். ஷீட்டின் இரு பக்கத்தையும் சோப்புக் கரைசலால் நனைத்து, போல்ட்டைக் கையால் கழற்றி, கழலாத போல்ட்டைக் கத்தரிபோன்ற போல்ட் கட்டரால் நறுக்கி, ஷீட்டை முழுசாகவே இறக்க வேண்டும். இறக்கியதைத் தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, ஆபத்தான கழிவுக்கான இடத்துக்கு அனுப்ப வேண்டும். குழி நிரப்பவோ தெருவோரம் போடவோ கூடாது. கீழே உதிர்ந்த துண்டுகளை ஈரமாகவே பொறுக்க வேண்டும், பெருக்கக் கூடாது.

அன்று உங்கள் வீட்டில் அந்தப் பக்க ஜன்னலை மூடி, துணி காயப்போடாமல், தண்ணீர்த் தொட்டி மூடியை இறுக்கி, பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஜன்னல் விளிம்பையும் மொட்டைமாடியையும் ஈரத் துணியால் துடைத்து, துணியைத் துவைக்காமல் ஈரத்தோடே பையில் கட்டி அந்த ஷீட்டுகளோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.